இஃப் ரிசல்ட்னு போட்டா எப்பவுமே ட்ரூ வருது, ஏன்?

2023 ஜனவரி 8, மாலை 6.10 (கேள்வி, கும்பகோணத்துலேர்ந்து)

அண்ணா, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். ஃபோன் நம்பர் டேபிள்ல இருக்கான்னு பாக்கணும், இருந்தா "நீங்க ஏற்கனவே பதிஞ்சிருக்கீங்க"ன்னு சொல்லணும், அவ்ளோதான். பிஎச்பில மைஎஸ்க்யூஎல்ஐ (மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோட பேச பிஎச்பில இருக்கற ஒரு வழி) மூலமா குவெரிய ஓட்டி, ரிசல்ட்னு ஒரு வேரியபிள்ல வாங்கி, இஃப் ரிசல்ட்னு போட்டேன். டேபிள் சுத்தமா காலியா இருக்கும்போதும் "ஏற்கனவே பதிஞ்சிருக்கீங்க"ன்னுதான் வருது. வீடியோல பாத்தா சில பேரு "ஆர் டை"ங்கறாங்க, சில பேரு நம்ரோஸ் (எத்தனை ரோ, அதாவது வரிசை, வந்துச்சுங்கற எண்) பாக்கணும்ங்கறாங்க. எது சரி? ஒரே லைன்ல சுத்தமா செக் பண்ண வழி இருக்கா?

2023 ஜனவரி 8, இரவு 10.45

தம்பி, உங்க குவெரி சரியாத்தான் ஓடுது, நீங்க கேக்கற கேள்விதான் வேற. செலக்ட் குவெரி பிழை இல்லாம ஓடிச்சுன்னா உங்க கைக்கு ஒரு ரிசல்ட் ஆப்ஜெக்ட் வரும். அதுக்குள்ள ஆயிரம் ரோ இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். பிஎச்பில ஆப்ஜெக்ட்னாலே இஃப்க்குள்ள ட்ரூதான், உள்ள என்ன இருக்குன்னு அது தொறந்து பாக்காது. குவெரியே தப்பாப் போனாத்தான் ஃபால்ஸ் வரும். இன்சர்ட், அப்டேட், டெலிட்டுக்கு ஆப்ஜெக்டும் கிடையாது, வெறும் ட்ரூ மட்டும் வரும்.

ஆக இதுல மூணு பதில் இருக்கு. குவெரி ஓடல, குவெரி ஓடிச்சு ஆனா ஒண்ணும் இல்ல, குவெரி ஓடிச்சு ஆள் இருக்கு. நாம பெரும்பாலும் முதல் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிடறோம். வாய்க்காலுக்குப் போறோம், தண்ணி இல்ல. மதகு ஷட்டர் சிக்கிக்கிச்சா, இல்ல நம்ம முறை இன்னும் வரலையா? ரெண்டுலயும் வயல் காஞ்சுதான் கெடக்கும், ஆனா ஒண்ணுக்கு ஷட்டர தூக்க ஆளக் கூப்பிடணும், இன்னொண்ணுக்குக் காத்துக் கெடக்கணும். எதுன்னு தெரியாம மண்வெட்டிய எடுத்தா வேலையும் வீண், பக்கத்து வயக்காரரோட சண்டையும் வரும்.

உங்க கேள்விக்கு இப்போதைக்கு நம்ரோஸ் ஜீரோவ விடப் பெருசான்னு பாருங்க, போதும்.

2023 ஜனவரி 9, காலை 7.20

ராத்திரி அவசரத்துல எழுதிட்டேன், இதே தப்பை நான் பண்ணி பட்டதையும் சொல்லிடறேன்.

மன்னார்குடி பக்கம் அறுப்பு மிஷின் வாடகைக்கு விடற ஒரு கடைக்கு 2019 தொடக்கத்துல புக்கிங் சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்தேன். செயின் வண்டி ரெண்டு, டயர் வண்டி மூணு. அதுவரைக்கும் ஒரு நீள நோட்டுலதான் எல்லாம், தேதி போட்டு ஊர் போட்டு எத்தனை மா நிலம்னு போட்டு முதலாளி கையெழுத்துல. நான் எழுதின ஸ்கிரீன்ல வண்டியையும் தேதியையும் போட்டா, அந்த நாளுக்கு யாராவது புக் பண்ணியிருக்காங்களான்னு ஒரு செலக்ட் ஓடும், உங்களை மாதிரியே இஃப் ரிசல்ட். இருந்தா "வண்டி காலி இல்லை"ன்னு செவப்புல வரும்.

வீட்டுல உக்காந்து டெஸ்ட் பண்றப்போ அருமையா வேலை செஞ்சுச்சு. ஏன்னா நான் போட்டுப் பாத்த தேதி எல்லாமே நானே டேட்டா ஏத்தி வச்ச தேதி. காலியான ஒரு நாளைப் போட்டுப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. கடைல வச்ச முத நாள், எந்த வண்டி எந்தத் தேதின்னாலும் காலி இல்ல. கடைப் பையன் ஸ்கிரீனை நம்பி வந்தவங்க எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டான். அதுல ஒரு பெரியவர், ஒன்பது மா தாளடி, கதிர் பழுத்து நிக்குது, இங்க இல்லன்னதும் நீடாமங்கலத்துல வேற வண்டி பேசிக்கிட்டாரு. சாயங்காலம் முதலாளி நோட்டை எடுத்துப் பாத்தா அஞ்சு வண்டியும் சும்மா நிக்குது. அவர் என்னைத் திட்டல, நோட்டைத் தொறந்து என் முன்னாடி வச்சாரு, அவ்ளோதான். அது எனக்கு இன்னிக்கு வரைக்கும் மறக்கல.

அதுலேர்ந்து எந்தச் செக் எழுதினாலும் மொதல்ல காலி டேபிள்ல ஓட்டிப் பாக்கறேன், அப்புறம்தான் டேட்டா ஏத்தறது.

2023 ஜனவரி 9, மதியம் 1.05

"ஆர் டை" விஷயம். குவெரி ஃபால்ஸ் குடுத்தா அங்கயே ப்ரோக்ராமை நிறுத்தி எரர் மெசேஜைக் கஸ்டமர் முகத்துல காட்டறதுதான் அது. டேபிள் பேரு, காலம் (column) பேரு எல்லாம் வெளில போகும், கெட்ட எண்ணத்தோட வர்றவனுக்கு நாமளே வழி சொல்லிக் குடுத்த மாதிரி. எரரை லாகுல எழுதுங்க, ஆளுக்கு "இப்ப முடியல, கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க"ன்னு காட்டுங்க. கத்துக்கறப்போ உங்க லேப்டாப்ல போட்டுப் பாக்கறது வேற விஷயம்.

2023 ஜனவரி 11, இரவு 9.30

நம்ரோஸ் போதும்னு 8ஆம் தேதி சொன்னேன்ல, அதைத் திருத்தணும். இருக்கா இல்லையாங்கற கேள்விக்கு செலக்ட் ஸ்டார்னு மொத்தத்தையும் வரவழைச்சு எண்ணிக்கிட்டு இருக்கறது, ஒரு மூட்டை இருக்கான்னு பாக்க குடோனையே வெளில எடுத்துப் போடற வேலை. செலக்ட் ஒண்ணு, கண்டிஷன், லிமிட் ஒண்ணு. அவ்ளோதான் கேக்கணும். அப்புறம் ஒரு தடவை ஃபெட்ச் பண்ணுங்க, ரோ வந்தா இருக்கு, மைஎஸ்க்யூஎல்ஐல நல் (null, மதிப்பே இல்லங்கறது) வந்தா ஆள் இல்ல. பிடிஓன்னா (டேட்டாபேஸோட பேச பிஎச்பில இருக்கற இன்னொரு வழி) நல்லுக்குப் பதிலா ஃபால்ஸ் வரும், அதை நல்னு நெனைச்சு செக் எழுதினா வேலை செய்யாது, மாறி மாறி ரெண்டையும் எழுதறவங்க இதுல கண்டிப்பா ஒரு தடவையாவது மாட்டுவாங்க.

இன்னொண்ணு, ரிசல்ட்டை பஃபர் பண்ணாம, அதாவது மொத்தமா வாங்கி வச்சுக்காம, ஒவ்வொண்ணா இழுக்கற மோடுல கடைசி ரோ வரைக்கும் எடுத்து முடிச்சாத்தான் நம்ரோஸ் சரியான எண்ணைச் சொல்லும். பிடிஓல ரோகவுண்ட்டை செலக்ட்டுக்கு நம்ப வேண்டாம், மைஎஸ்க்யூஎல்ல வந்தாலும் எல்லா டேட்டாபேஸ்லயும் வரும்னு உத்தரவாதம் இல்லன்னு மேனுவல்லயே போட்டிருக்கு.

அப்புறம் தம்பி உங்க கோடைப் பாத்தேன், ஃபோன் நம்பரை நேரா குவெரி ஸ்ட்ரிங்ல புள்ளி வச்சு ஒட்டியிருக்கீங்க. அதை இன்னிக்கே மாத்துங்க. ப்ரிப்பேர் பண்ணி கேள்விக்குறி போட்டு மதிப்பைத் தனியாக் குடுங்க. இஞ்செக்ஷன் (வெளியாள் குவெரிக்குள்ள தன் கட்டளையை நுழைக்கறது) பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், வேளாங்கண்ணி பக்கத்துலேர்ந்து ஒரு கஸ்டமர், பேருக்கு நடுவுல ஒரு சிங்கிள் கோட். அந்த ஒத்தைக் குறியால குவெரி உடைஞ்சு ஃபால்ஸ் வந்து, என் கோடு அதை "ஆள் இல்ல"ன்னு எடுத்துக்கிச்சு. அவர் மூணு தடவை கடைக்கு வந்தாரு, மூணு தடவையும் புதுக் கஸ்டமர்னு சொல்லி அனுப்பியிருக்காங்க.

2023 ஜனவரி 14, போகி, காலை 8

எத்தனை ரோன்னு எண்ணிச் சொல்ற கவுண்ட் ஸ்டார் போட்டுட்டு அதுக்கு நம்ரோஸ் பாக்கறீங்கன்னு எழுதியிருந்தீங்க. அது எப்பவும் ஒண்ணுதான் வரும் தம்பி. ஜீரோங்கற பதிலும் ஒரு ரோவாத்தான் வரும். ரோ இருக்கான்னு பாக்காதீங்க, ரோவுக்குள்ள இருக்கற எண்ணைப் பாருங்க.

கூட்டிச் சொல்ற சம் (sum) அதை விட மோசம். ஒரு ரோவும் பொருந்தலன்னா ஜீரோ வராது, நல் வரும். பாக்கி எவ்வளவுன்னு காட்டற கட்டத்துல ஒண்ணுமே இல்லாம வெள்ளையா இருந்துச்சு, முதலாளி "இவர் பாக்கி வச்சிருக்காரா இல்லையா"ன்னு கேட்டாரு, எனக்கே தெரியல. கோயலெஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, நல் வந்தா ஜீரோவாக்கிக் குடுக்கும், குவெரிலயே போட்டுடுங்க.

2023 ஜனவரி 17, இரவு 11.15

காணும் பொங்கலுக்குச் சொந்தக்காரங்க எல்லாம் வந்துட்டுப் போயாச்சு, இப்பத்தான் சிஸ்டம் முன்னாடி உக்காந்தேன்.

ஜீரோவால வந்த வம்பு ஒண்ணு சொல்லணும், இது கண்ணுல மாட்டாம ரெண்டு சீசன் ஓடிச்சு. புக்கிங்குக்கு அட்வான்ஸ் எவ்வளவுன்னு ஒரே ஒரு மதிப்பை ஃபெட்ச் காலம்னு எடுக்கறேன். அடுத்த லைன்ல, அது இல்லன்னா "புக்கிங் இல்லை"ன்னு காட்டு. பழகின ஆளுங்க அட்வான்ஸ் குடுக்க மாட்டாங்க, முதலாளியும் கேக்க மாட்டாரு, அட்வான்ஸ் ஜீரோ. பிஎச்பில ஜீரோவும் பொய், ஜீரோன்னு ஸ்ட்ரிங்கா வந்தாலும் பொய், நல்லும் பொய், ஃபால்ஸும் பொய். ஆக வருஷக்கணக்கா வர்ற நம்பிக்கையான ஆளுங்களுக்கு மட்டும் "புக்கிங் இல்லை"ன்னு வந்திருக்கு. புதுசா வந்து அட்வான்ஸ் குடுத்தவங்களுக்கு ஒழுங்கா வந்திருக்கு. பையன் நோட்டைப் பாத்துச் சமாளிச்சிருக்கான், அதனால என் காதுக்கே வரல.

மூணு ஈக்குவல் (மதிப்போட வகையையும் சேத்து ஒப்பிடறது) போட்டு, ஃபால்ஸ்தானான்னு நேராக் கேளுங்க. இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு, காலத்துல நல் இருந்தா நல் வரும், ரோவே இல்லன்னா பிடிஓல ஃபால்ஸ் வரும், மைஎஸ்க்யூஎல்ஐல 8.1ல புதுசா வந்த ஃபெட்ச் காலமும் அப்படித்தான். ரோவையே முழுசா எடுத்து, ரோ இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் அட்வான்ஸைத் தொடறதுதான் இப்ப என் பழக்கம். ஒரு லைன் கூடுது, கூடட்டும்.

2023 ஜனவரி 22, மதியம் 3.40

அப்டேட்டுக்கு என்ன செக்னு கேட்டிருந்தீங்க. அஃபெக்டட் ரோஸ். ஆனா மைஎஸ்க்யூஎல்ல அது கண்டிஷனுக்குப் பொருந்தின ரோ எத்தனைன்னு சொல்லாது, நெஜமா மாறின ரோ எத்தனைன்னு சொல்லும். பழைய ஃபோன் நம்பரையே திரும்பப் போட்டு சேவ் பண்ணா ஜீரோ. எரர்னா மைனஸ் ஒண்ணு. நான் ஜீரோன்னா "சேவ் ஆகவில்லை"ன்னு காட்டினேன், பையன் அஞ்சாறு தடவை அமுக்கிட்டு எனக்கு ஃபோன் போட்டான். பொருந்தினதைத்தான் எண்ணணும்னா கனெக்ஷன் போடும்போதே ஃபவுண்ட் ரோஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு.

இல்லன்னா ஏத்து, இருந்தா மாத்துன்னு சொல்ற ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட் போட்டா புதுசா ஏறினா 1, பழசு மாறினா 2, இருந்ததே இருந்தா 0. அந்த 2 வந்தா ரெண்டு ரோ ஏறிடுச்சுன்னு பயப்படாதீங்க.

2023 ஜனவரி 28, காலை 6.50

நேத்து ராத்திரி தூக்கம் இல்ல. ஹோஸ்டிங்காரங்க பிஎச்பி 7.4லேர்ந்து 8.1க்கு மாத்திட்டாங்க. மாத்தினது நியாயம்தான், 7.4க்கு செக்யூரிட்டி சப்போர்ட் போன நவம்பர் 28ஓட முடிஞ்சுடுச்சு, ஆனா சம்பா அறுப்பு நடக்கற நேரத்துல ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருக்கலாம். கடையோட பாதிப் பக்கம் வெள்ளையா வருது.

காரணம் இதுதான், இந்த இழைல நான் எழுதின எல்லாத்தையும் இது தொடுது, அதனால கவனமாப் படிங்க. 8.1லேர்ந்து மைஎஸ்க்யூஎல்ஐ குவெரி தப்பாப் போனா ஃபால்ஸ் குடுக்கறதில்ல, எக்ஸெப்ஷனை, அதாவது யாரும் புடிக்கலன்னா ப்ரோக்ராமையே நிறுத்தற பிழையை, தூக்கி எறியுது. பிடிஓ 8.0லயே அப்படி மாறிடுச்சு. என் கோடுல போன வருஷக் கணக்குக்கு ஒரு டேபிளைத் தேடும், அந்தப் பேர்ல டேபிள் இல்லன்னா ஃபால்ஸ் வரும், சரி பழைய கணக்கு இல்ல போலன்னு தாண்டிப் போயிடும். நாலு வருஷமா அந்தப் பிழைய "இல்ல"ங்கற பதிலா வச்சே பொழப்பு ஓட்டியிருக்கேன். இப்ப அது எக்ஸெப்ஷனாகி, புடிக்க ஆள் இல்லாம பக்கமே நின்னு போச்சு.

மொதல்ல கோபம்தான் வந்துச்சு. விடிகாலைல டீ குடிச்சுட்டு யோசிச்சா, 8ஆம் தேதி நான் சொன்ன மூணு பதில்ல முதல் பதிலை இப்ப பிஎச்பியே தனியாப் பிரிச்சுக் குடுத்துடுச்சு. இனிமே ஒவ்வொரு குவெரிக்கும் கீழ "ஃபால்ஸா"ன்னு பாக்க வேண்டியதில்ல. ரோ இருக்கா இல்லையாங்கறது மட்டும்தான் நம்ம இஃப். பிழையை வெளில ஒரே எடத்துல டிரை கேட்ச் போட்டுப் புடிச்சு லாகுல எழுதிட்டா போதும். 7.4லயே இருக்கறவங்க மைஎஸ்க்யூஎல்ஐ ரிப்போர்ட்ங்கற ஒரு லைனை கனெக்ஷனுக்கு மேல போட்டு எரர், ஸ்ட்ரிக்ட் ரெண்டையும் ஆன் பண்ணிட்டா இதே நடத்தை வந்துடும்.

2023 பிப்ரவரி 3, இரவு 10.20

ரெண்டு நாளா மழை. இந்த நேரத்துல இங்க யாரும் மழைய எதிர்பாக்கல, அறுக்க வேண்டிய நெல்லு அப்படியே சாஞ்சு தண்ணில படுத்துக் கெடக்கு. சேத்துல டயர் வண்டி எறங்காது, எல்லாரும் செயின் வண்டிதான் கேக்கறாங்க. ரெண்டே வண்டி.

காலைல ஆறு மணிக்கு முதலாளிக்கு ஃபோன். ஒரே செயின் வண்டிக்கு, ஒரே காலை வேளைக்கு, கோட்டூர் பக்கம் ஒருத்தர், முத்துப்பேட்டை ரோட்டுல ஒருத்தர், ரெண்டு பேர் கைலயும் "உறுதி"ன்னு எஸ்எம்எஸ். ஃபோன்ல அந்த ஆள் கத்தல. "வண்டி வருமா வராதா, அதை மட்டும் சொல்லுங்க"ன்னு கேட்டாரு. நெல்லு ரெண்டு மூணு நாள் தண்ணில கெடந்தா கதிர்லயே முளை விட்டுரும், அப்புறம் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள கொண்டாந்து கொள்முதல் நிலையத்துல போடறதுங்கறது கனவு.

லாகைப் பாத்தேன். கடைல பையன் செக் பண்றான், காலின்னு வருது. அதே நிமிஷம் வீட்டுலேர்ந்து முதலாளி மொபைல்ல செக் பண்றாரு, அவருக்கும் காலின்னுதான் வருது. ரெண்டு பேரும் இன்சர்ட் பண்றாங்க. ரெண்டு செலக்ட்டும் உண்மையத்தான் சொல்லியிருக்கு. பாக்கறதுக்கும் போடறதுக்கும் நடுவுல இருக்கற அந்த ஒரு செகண்டுலதான் தப்பு. இத்தனை நாளா சுத்தமா செக் பண்றது எப்படின்னு உங்களுக்குப் பாடம் எடுத்துக்கிட்டு இருந்தேன், என் செக் சுத்தம்தான், அப்படியும் போச்சு.

இதுக்கு மருந்து டேபிள்ல இருக்கு. வண்டி நம்பர், தேதி, வேளை மூணையும் சேத்து ஒரு யூனிக் கீ, அதே மூணும் ரெண்டாவது தடவை ஏற விடாது. மொதல்ல பாக்காதீங்க, நேரா இன்சர்ட் பண்ணுங்க. யார் முந்தினாங்களோ அவங்க ரோ ஏறும், அடுத்தவங்களுக்கு டூப்ளிகேட்னு எக்ஸெப்ஷன் வரும், அந்த எக்ஸெப்ஷன்தான் "வேற ஆள் எடுத்துட்டாங்க"ங்கற பதில். தம்பி, உங்க ஃபோன் நம்பருக்கும் இதேதான். ஜனவரி 8ல நீங்க கேட்டதுக்கு இந்தப் பதிலைத்தான் நான் மொதல்ல சொல்லியிருக்கணும்.

2023 பிப்ரவரி 4, காலை 5.30

சேர்க்க விட்டது. கேன்சல் பண்ணவங்க ரோவை அழிக்காம ஸ்டேட்டஸ் மட்டும் மாத்தி வச்சிருந்தேன். யூனிக் கீ போட்டதும் கேன்சலான வேளைல அடுத்த ஆள் ஏற முடியல. கேன்சல் எல்லாத்தையும் வேற டேபிளுக்கு நகத்திட்டேன்.

2023 பிப்ரவரி 7, இரவு 9

3ஆம் தேதி எழுதினதுல பெரிய தப்பு, யாராவது அப்படியே எடுத்துப் போட்டிருந்தா மாத்துங்க. எக்ஸெப்ஷன் வந்தா "வேற ஆள் எடுத்துட்டாங்க"ன்னு சொன்னேன்ல. எந்த எக்ஸெப்ஷன்னு சொல்லல. என் கோடும் எல்லாத்தையும் ஒரே கேட்ச்ல புடிச்சுது.

அன்னிக்கு ராத்திரி அவசரத்துல ஊர் பேருக்கு புதுசா ஒரு காலம் சேத்தேன், வார்க்கார் 15, அதாவது பதினஞ்சு எழுத்துக்கு மேல ஏறாது. எந்த ஊர் பேரு பதினஞ்சைத் தாண்டும்னு நெனைச்சேன். மன்னார்குடி ஏறுது, நீடாமங்கலம் ஏறுது, வலங்கைமான் ஏறுது, முத்துப்பேட்டை ஏறுது. திருத்துறைப்பூண்டிலேர்ந்து யார் கேட்டாலும், எந்த வண்டி எந்த வேளைன்னாலும், "வேற ஆள் எடுத்துட்டாங்க". ரெண்டு நாள். கண்ணால எண்ணினா திருத்துறைப்பூண்டி ஒன்பது எழுத்துதான். ஆனா யூனிகோட்ல "தி"ங்கறது தகரம் ஒண்ணு, அதோட கொக்கி ஒண்ணு, "த்"ங்கறது தகரம் ஒண்ணு புள்ளி ஒண்ணு. ஒன்பதும் ரெட்டையாகி 18. முத்துப்பேட்டை இதே கணக்குல 14, மயிரிழைல தப்பிச்சிருக்கு. மைஎஸ்க்யூஎல் 5.7லேர்ந்து ஸ்ட்ரிக்ட் மோடுதான் வழக்கம், நீளம் தாண்டினா 1406னு எரர். நான் அதையும் டூப்ளிகேட்னு எடுத்துக்கிட்டு ஒரு ஊரையே திருப்பி அனுப்பியிருக்கேன். இதுவும் அந்த 2019 தப்பேதான், வேற சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு.

டூப்ளிகேட்டுக்கு எண் 1062. மைஎஸ்க்யூஎல்ஐ எக்ஸெப்ஷன்ல கெட்கோட் கேட்டா அந்த எண் நேரா வரும். பிடிஓல கெட்கோட் 23000னு ஒரு பொதுக் கோடு குடுக்கும், ஃபாரின் கீ (இன்னொரு டேபிளோட இணைக்கற கீ) தப்புக்கும் அதேதான் வரும், அதனால எரர்இன்ஃபோவுல ரெண்டாவது மதிப்பைப் பாருங்க, அங்கதான் 1062 இருக்கும். 1062ன்னா மட்டும் "வேற ஆள்". மத்த எதுவா இருந்தாலும் திரும்பத் தூக்கி எறிஞ்சுடுங்க, வெளில இருக்கற கேட்ச் லாகுல எழுதட்டும். காலத்தை 100 ஆக்கிட்டேன். திருப்பி அனுப்பினவங்க நம்பர் லாகுல இருந்துச்சு, முதலாளியும் நானும் உக்காந்து ஒவ்வொருத்தருக்கா கூப்பிட்டோம். பாதிப் பேருக்கு மேல வேற வண்டி கெடைச்சிருந்துச்சு. கெடைக்காதவங்களுக்கு ராத்திரி லைட் போட்டு ஓட்டறதுக்கு முதலாளி ஒத்துக்கிட்டாரு.

2023 பிப்ரவரி 12, காலை 10

ஒரே லைன் வேணும்னு கேட்டீங்கள்ல. இப்ப சொல்லலாம். பிஎச்பி 8.2 போன டிசம்பர்ல வந்துச்சு, அதுல எக்ஸிக்யூட் குவெரின்னு ஒண்ணு, ப்ரிப்பேர், பைண்ட், எக்ஸிக்யூட் மூணையும் ஒரே கூப்பிடல்ல முடிச்சு ரிசல்ட்டைக் குடுக்கும். அதுக்குப் பின்னாடியே ஃபெட்ச் அசாக் ஒட்டிட்டா ரோ இல்லன்னா நல். பழைய வெர்ஷன்னா "ஒரு ரோ"ன்னு நாமளே சின்னதா ஒரு ஃபங்ஷன் எழுதி வச்சுக்கலாம், உள்ளே மூணு லைன், வெளில ஒரே லைன். நான் அப்படித்தான் வச்சிருக்கேன், கடைக் கோடு முழுக்க இப்ப நேரா குவெரி ஓட்டற எடம் அந்த ஒரு ஃபைல் மட்டும்தான்.

2023 பிப்ரவரி 19, மாலை 5.45

யூனிக் கீ போட்டு வேலை செஞ்சுடுச்சுன்னு தம்பி எழுதியிருக்காரு. காலி டேபிள்ல ஓட்டிப் பாத்தீங்களா? ரெண்டு பிரவுசர்ல ஒரே நேரத்துல அமுக்கிப் பாத்தீங்களா? அதைப் பண்ணிட்டு வைவாவுக்குப் போங்க.

நான் இன்னிக்குக் கடைல உக்காந்துதான் இதை அடிக்கறேன். சித்த முன்னாடி திருத்துறைப்பூண்டிலேர்ந்து ஒருத்தர் செயின் வண்டி கேட்டாரு. பையன் ஊர் பேரை முழுசா அடிச்சு அமுக்கினான், "காலை வேற ஆள் எடுத்துட்டாங்க, மதியம் காலி"ன்னு வந்துச்சு. லாகைத் தொறந்து பாத்தேன், 1062தான். மதியத்துக்குப் போட்டுக் குடுத்தாச்சு.